மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒத்தையா ரெட்டையாவில் தொடங்கிப் பொய் பிடிக்கும் அட்டை வரை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஆயா வீடு. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கிடப்போம். மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயர்ந்ததும் ஆயா வளவுத் (உள்முற்றத்து) தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கொட்டான் என்ற ஓலைக்கூடையிலிருந்து புளியங்கொட்டையை அள்ளிக் கையை மூடிக்கொள்வார். "ஒத்தையா, ரெட்டையா?" சரியாகச் சொன்னால் கொட்டை நமக்கு. தப்பினால் நம் கையிலிருந்து அத்தனையும் அவருக்கு.

ஒரு நாள் நான், "ஒத்தை ரெட்டை வேண்டாம் ஆயா, எத்தனை இருக்குன்னே சொல்றேன்" என்றேன். "சொல்லு. கேள்வி கேட்டுக்க, நான் ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுவேன். ஆனா எண்ணிக் கேளு" என்றார். எண்ணி என்றால் எண்ணிக்கையோடும் ஆகும், யோசித்தும் ஆகும். அவர் எதைச் சொன்னார் என்று அன்றைக்குப் புரியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் இந்த விளையாட்டு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது: ஒவ்வொரு கேள்வியும், மிச்சமிருக்கும் எண்களில் எத்தனையைக் கழிக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது என் அக்காள் மகள் லீவுக்கு வரும்போது அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படித்தால் மட்டும் போதாது.

பாதியாக வெட்டுவது

தரையிலிருந்து தொடங்குவோம். செட்டிநாட்டு வீடு என்றால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கும். அதில் நீளத்துக்கு எட்டு, அகலத்துக்கு எட்டு என்று 64 கல்லைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். பிள்ளை மனதுக்குள் ஒரு கல்லை நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் "இந்தக் கல்லா, அந்தக் கல்லா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பொழுது போய்விடும். நடுவில் நின்றுகொண்டு, "எனக்கு இடது பக்கமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் 32 கல் கழிந்துவிட்டது. மிச்சத்தை மறுபடி இரண்டாக வெட்டுங்கள்: 16, 8, 4, 2, 1. ஆறே கேள்வி.

எண்ணுக்கும் இதே வழிதான். ஒன்று முதல் நூறுக்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். 73ஐ நினைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

50க்கு மேலா? ஆமாம். மிச்சம் 51 முதல் 100.
75க்கு மேலா? இல்லை. மிச்சம் 51 முதல் 75.
63க்கு மேலா? ஆமாம். மிச்சம் 64 முதல் 75.
69க்கு மேலா? ஆமாம். மிச்சம் 70 முதல் 75.
72க்கு மேலா? ஆமாம். மிச்சம் 73, 74, 75.
74க்கு மேலா? இல்லை. மிச்சம் 73, 74.
73க்கு மேலா? இல்லை. அப்படியென்றால் 73.

ஏழு கேள்வி. நூறுக்குள் எந்த எண்ணை நினைத்தாலும் ஏழுக்கு மேல் போகாது, ஏனென்றால் ஏழு முறை இரட்டித்தால் 128 வரும், நூறு அதற்குள் அடங்கிவிடுகிறது. பத்துக் கேள்வி இருந்தால் 1,024 வரை போகலாம். இருபது இருந்தால் 10,48,576. பத்து லட்சம் எண்களில் ஒன்றை இருபதே கேள்வியில் பிடிக்கலாம் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. அக்காள் மகளும் நம்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இரட்டித்து இரட்டித்துத் தாளில் எழுதிக்கொண்டே போய், இருபதாவது வரியைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "50க்கு மேலா?" என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் 50ம் உள்ளே இருக்கிறது. அதை மறந்து 49 வரை என்று எடுத்துக்கொண்டால் கடைசியில் எண் கைநழுவும். அதனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், "இதிலிருந்து இது வரை" என்று இரு முனையையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

எண்தான் என்று இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்துக்குக் கோயில் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி. இதில் ஒன்றை நினைத்தால் எத்தனை கேள்வி தேவை? மூன்று கேள்வி எட்டைத்தான் தாங்கும். ஒன்பதாவது ஒன்று கூடிவிட்டதால் நான்காவது கேள்வியையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்தும் நான்குமாகப் பிரித்துத் தொடங்குங்கள்.

கேள்வியே கேட்காமல் சொல்வது: ஆறு அட்டைகள்

கல்யாண வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சூழ்ந்துகொண்டால் இதைப்போல் எடுபடுவது வேறில்லை. செய்வதும் எளிது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே போதும். ஆறு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் அட்டை: 1இல் தொடங்கி, ஒன்றை எழுது, ஒன்றை விடு. 1, 3, 5, 7 என்று 63 வரை.
இரண்டாவது: 2இல் தொடங்கி, இரண்டை எழுது, இரண்டை விடு. 2, 3, 6, 7, 10, 11 என்று 63 வரை.
மூன்றாவது: 4இல் தொடங்கி, நான்கை எழுது, நான்கை விடு. 4, 5, 6, 7, 12, 13, 14, 15, 20 என்று போகும்.
நான்காவது: 8இல் தொடங்கி, எட்டு எழுது, எட்டு விடு.
ஐந்தாவது: 16இல் தொடங்கி, பதினாறு எழுது, பதினாறு விடு.
ஆறாவது: 32 முதல் 63 வரை, விடாமல்.

எழுதி முடித்ததும் சரிபாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் சரியாக 32 எண் இருக்க வேண்டும், எல்லா அட்டையும் 63இல் முடிய வேண்டும். இதில் ஒரு பிசகு இருந்தால் சபையில் மாட்டிக்கொள்வோம்.

1 முதல் 63க்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லி, அட்டைகளைக் கையில் கொடுத்து, "உன் எண் இருக்கிற அட்டையை மட்டும் திருப்பிக் கொடு" என்று கேளுங்கள். வந்த அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் நினைத்த எண். 45ஐ நினைத்தவர் 32, 8, 4, 1 என்று தொடங்கும் அட்டைகளைத் தருவார். கூட்டிப் பாருங்கள், 45.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பலசரக்குக் கடைத் தராசை நினைத்தால் போதும். 1, 2, 4, 8, 16, 32 கிலோ என்று ஆறு எடைக்கல் இருந்தால் 1 முதல் 63 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்கலாம். ஒவ்வோர் எடைக்கும் ஒரே ஒரு சேர்க்கைதான் உண்டு. 45ஐ நிறுக்க எந்தக் கற்கள் தேவையோ, அந்த அட்டைகளில் மட்டும் 45 எழுதப்பட்டிருக்கிறது. பார்க்கப்போனால் இதுவும் பாதியாக வெட்டும் அதே ஆறு கேள்விதான், முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டோம்.

ஒவ்வோர் அட்டையையும் ஒரு நிறத்தில் வெட்டினால், எண்ணைப் பார்க்காமலே தூரத்திலிருந்து நிறத்தை வைத்துச் சொல்லலாம். பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். ஆனால் அன்றே எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிடுங்கள். தெரிந்துகொண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்த் தானே அட்டை வெட்டும்போதுதான் இது முழுமையாகிறது.

கணக்குப் போடச் சொல்லிக் கண்டுபிடிப்பது

"ஒரு எண்ணை நினை, இரட்டித்துக்கொள், பத்தைக் கூட்டு, பாதியாக்கு, நினைத்ததைக் கழி. விடை ஐந்து!" என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். என் கணக்கில் இது கண்டுபிடிப்பே இல்லை. நினைத்த எண்ணைக் கழிக்கச் சொல்லிவிட்டால் அது ஓடிப்போய்விட்டது. மிச்சம், நாம் கூட்டச் சொன்ன பத்தில் பாதி. விடையைச் சொல்வது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு.

பிறந்தநாளைக் கண்டுபிடிக்கும் கணக்கு அதைவிட மேல். பிறந்த மாதத்தின் எண்ணை இரட்டிக்க வேண்டும், 5 கூட்ட வேண்டும், 50ஆல் பெருக்க வேண்டும், தேதியைக் கூட்ட வேண்டும். வந்ததை அவர் சொல்லட்டும். நீங்கள் 250ஐக் கழித்துவிடுங்கள். ஆகஸ்ட் 17 என்றால் 16, 21, 1050, 1067. கழித்தால் 817. எட்டாம் மாதம், 17ஆம் தேதி. 2ஆலும் 50ஆலும் பெருக்கியதால் மாதம் நூறுகளின் இடத்துக்குப் போய்விட்டது, தேதிக்குக் கீழே இரண்டு இடம் காலியாக இருந்தது. நடுவில் கூட்டிய 5, கண்ணை மறைக்கப் போட்ட திரை.

ஒன்பதை வைத்தும் ஒரு கணக்கு உண்டு. நான்கு இலக்க எண் ஒன்றை எழுதி, அதன் இலக்கங்களைக் கூட்டி, அந்த எண்ணிலிருந்தே கழிக்கச் சொல்லுங்கள். விடையில் பூச்சியம் அல்லாத ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு மற்றதைச் சொல்லட்டும். 5274 என்றால் கூட்டுத்தொகை 18, கழித்தால் 5256. அவர் 2ஐ அடித்துவிட்டு 5, 5, 6 என்கிறார். கூட்டினால் 16. அடுத்த ஒன்பதின் மடங்கு 18, அதற்கு இரண்டு குறைகிறது. அடித்தது 2. கூட்டியதே ஒன்பதின் மடங்காக வந்துவிட்டால் அடித்தது 9.

புளியங்கொட்டையும் மிச்சமும்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. ஆயாவின் கொட்டானுக்குப் பொருத்தமானதும் இதுதான்.

105க்குள் எத்தனை வேண்டுமானாலும் புளியங்கொட்டையை எண்ணி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் கொட்டைகளை மூன்று மூன்றாக வைத்து, கடைசியில் எத்தனை மிஞ்சுகிறது என்று மட்டும் சொல்லட்டும். கலைத்துவிட்டு ஐந்தைந்தாக, அப்புறம் ஏழேழாக. மூன்றே மிச்சங்கள்.

மூன்றின் மிச்சத்தை 70ஆலும், ஐந்தின் மிச்சத்தை 21ஆலும், ஏழின் மிச்சத்தை 15ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 105ஐ முடிந்த மட்டும் கழியுங்கள். நிற்பதுதான் கொட்டைகளின் எண்ணிக்கை. பூச்சியம் நின்றால் அவரிடம் 105 இருக்கிறது.

59 கொட்டை என்று வைப்போம். மிச்சங்கள் 2, 4, 3. பெருக்கினால் 140, 84, 45. கூட்டினால் 269. இரண்டு முறை 105 போனால் 59.

அந்த 70, 21, 15 எங்கிருந்து வந்தன? 70 கொட்டையை ஐந்தைந்தாக வைத்தாலும் ஏழேழாக வைத்தாலும் மிச்சமில்லை, மூன்று மூன்றாக வைத்தால் மட்டும் ஒன்று மிஞ்சும். அதனால் 70ஐ எத்தனை முறை சேர்த்தாலும் ஐந்தின் கணக்கும் ஏழின் கணக்கும் கெடாது. 21 மூன்றுக்கும் ஏழுக்கும் மிச்சமில்லாதது, ஐந்துக்கு ஒன்று மிஞ்சும். 15 மூன்றுக்கும் ஐந்துக்கும் மிச்சமில்லாதது, ஏழுக்கு ஒன்று மிஞ்சும். மூவரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் கணக்கில் தலையிடாமல் இருக்கிறார்கள். 3, 5, 7 மூன்றையும் பெருக்கினால் 105 என்பதால், அதற்குள் இரண்டு எண்களுக்கு ஒரே மிச்சங்கள் வரவே வராது.

சீனத்துப் பழங்கணக்கில் இதே 3, 5, 7 உண்டு. அங்கே மிச்சங்கள் 2, 3, 2, விடை 23. நம் பக்கத்தில் ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் முடிவில் குட்டகம் என்ற முறையைச் சொன்னார். இப்படி மிச்சத்திலிருந்து எண்ணைப் பிடிக்கும் வழிதான் அதுவும். பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி என்ற வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவர்கள் வட்டிக்கணக்கை மனதிலேயே போட்ட ஊர்க்காரர்கள் நாம். 70, 21, 15 என்ற மூன்று எண்ணை நினைவில் வைப்பது நமக்கு ஒரு பாரமா?

ஒரு குறை உண்டு. கொட்டை அடுக்குகிறவர் மிச்சத்தை ஒன்று தப்பாக எண்ணிவிட்டால் விடை அடியோடு மாறும். போன வருஷம் அக்காள் மகள் ஏழின் மிச்சத்தை 3க்குப் பதில் 4 என்று சொல்லிவிட்டாள். 59 வர வேண்டிய இடத்தில் எனக்கு 74 வந்தது. "அம்மானுக்குக் கணக்கு வரல" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான், பதிலில் தவறு இருந்தாலும் எண்ணைப் பிடிக்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன். முடியும்.

ஆள் பழக்கத்தை வைத்து ஊகிப்பது

பத்துக்குள் ஓர் எண் என்றால் பலரும் 7ஐச் சொல்வார்கள். 50க்குள் ஈரிலக்க எண், இரண்டு இலக்கமும் வெவ்வேறு ஒற்றைப்படை என்று கேட்டால் 37 அடிக்கடி வரும். கேட்பதற்கு நிறைய எண் இருப்பது போலத் தோன்றும், ஆனால் 13, 15, 17, 19, 31, 35, 37, 39 என்று எட்டே எட்டுதான் உள்ளே இருக்கின்றன. நாம் கேட்ட விதத்திலேயே மீதியைக் கழித்துவிட்டோம். ஒரு தடவை பலிக்கும், மறு தடவை பலிக்காது. நான் இதை நம்பி உட்காருவதில்லை.

எதிராளி ஒரு பொய் சொன்னால்

இப்போது விதியை மாற்றுவோம். பதில் சொல்கிறவர் ஒரே ஒரு முறை பொய் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

சாதாரண வழி, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்பது. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அது உண்மை, ஏனென்றால் இரண்டு பொய்க்கு இடமில்லை. மாறினால் மூன்றாம் முறை கேளுங்கள். பொய் செலவாகிவிட்டது, இனி ஒரு முறை கேட்டாலே போதும். நூறுக்குள் எண் என்றால் அதிகபட்சம் 15 கேள்வி.

பத்து லட்சத்துக்குள் எண் என்றால் இந்த வழியில் 41 கேள்வி ஆகும். அத்தனை தேவையில்லை. கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976இல் இந்தக் கேள்வியை முன்வைத்தார்: ஒரு பொய்க்கு இடமிருந்தால் எத்தனை கேள்வி? 1987இல் ஆன்ட்ஜெய் பெல்ட்ஸ் விடையை நிறுவினார்: 25. பொய்யே இல்லாவிட்டால் 20, ஒரு பொய்க்கு வெறும் ஐந்துதான் கூடுதல்.

வீட்டில் விளையாடுவதற்கு 1 முதல் 15 வரை போதும், ஏழு அட்டை செய்துகொள்ளுங்கள்.

8 அட்டை: 8, 9, 10, 11, 12, 13, 14, 15
4 அட்டை: 4, 5, 6, 7, 12, 13, 14, 15
2 அட்டை: 2, 3, 6, 7, 10, 11, 14, 15
1 அட்டை: 1, 3, 5, 7, 9, 11, 13, 15
சிவப்பு: 2, 3, 4, 5, 8, 9, 14, 15
பச்சை: 1, 3, 4, 6, 8, 10, 13, 15
மஞ்சள்: 1, 2, 5, 6, 8, 11, 12, 15

முதல் நான்கும் நமக்குப் பழகிய அட்டைகள். மற்ற மூன்றும் காவல்காரர்கள். சிவப்பு 8, 4, 2 அட்டைகளைக் காக்கிறது. பச்சை 8, 4, 1 அட்டைகளை. மஞ்சள் 8, 2, 1 அட்டைகளை. காவல்காரரையும் அவர் காக்கும் மூன்று அட்டைகளையும் சேர்த்து ஒரு கூட்டம் என்று கொள்ளுங்கள். பொய் இல்லாவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் "ஆமாம்" எண்ணிக்கை ரெட்டையாகவே வரும். ஒத்தையாக வந்தால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பொய் இருக்கிறது. ஆயாவின் ஒத்தையா ரெட்டையா இங்கே திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

மூன்று கூட்டமும் ஒத்தை என்றால் பொய் 8 அட்டையில். சிவப்பும் பச்சையும் ஒத்தை என்றால் 4 அட்டையில். சிவப்பும் மஞ்சளும் என்றால் 2 அட்டையில். பச்சையும் மஞ்சளும் என்றால் 1 அட்டையில். ஒரே ஒரு கூட்டம் மட்டும் ஒத்தை என்றால் அந்தக் காவல் அட்டையில்தான் பொய், முதல் நான்கு பதிலும் உண்மை.

11ஐ நினைத்தவர் 2 அட்டையில் பொய் சொல்கிறார் என்று வைப்போம். பதில்கள்: 8 ஆமாம், 4 இல்லை, 2 இல்லை, 1 ஆமாம், சிவப்பு இல்லை, பச்சை இல்லை, மஞ்சள் ஆமாம். சிவப்புக் கூட்டத்தில் ஒரு ஆமாம், ஒத்தை. பச்சையில் இரண்டு, ரெட்டை. மஞ்சளில் மூன்று, ஒத்தை. சிவப்பும் மஞ்சளும் ஒத்தை என்பதால் 2 அட்டையின் பதிலைத் திருப்பிப் போடுங்கள். 8, 2, 1 கூட்டினால் 11.

1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட முறை இது. கணினி, தான் அனுப்பும் தகவலில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு குறி) மாறிப்போனாலும் தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்தார்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை உறுதியாகப் பேசிக்கொள்ளுங்கள்: பொய் ஒன்றுதான். இரண்டு பொய் சொன்னால் அட்டைகள் திகைத்து நிற்காது, தயங்காமல் வேறோர் எண்ணைக் காட்டிவிடும். இந்த லீவில் அக்காள் மகள் அதைத்தான் முயன்றாள். நான் தப்பாகச் சொன்னதும் கைகொட்டிச் சிரித்தவள், கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அம்மான், ரெண்டு பொய்க்கு எத்தனை அட்டை வேணும்?" என்று கேட்டாள். இப்போது இருவரும் அதை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.